அவர் வாங்கிய கிதார்

புருஷர்கள் சாமான் வாங்கும் விதத்துக்கும் நாம் வாங்கும் விதத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நாம் காரணத்தை முதலில் தேடிக்கொண்டு, அப்புறம்தான் கடைக்குக் கிளம்புவோம். வழியில் அந்தக் காரணம் கொஞ்சம் பலவீனமாகத் தோன்றிவிட்டால், பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பியும் வந்துவிடுவோம். அவர்கள் அப்படியல்ல. முதலில் சாமானை வாங்கிவிடுவார்கள். காரணங்களை வீட்டுக்கு வருகிற வழியில் தயார் செய்துகொள்வார்கள். சாமான் எவ்வளவு பெரியதோ அவ்வளவு காரணங்கள் வேண்டும். பெரம்பூரிலிருந்து மேற்கு மாம்பலத்துக்கு ஆட்டோவில் வந்து பழக்கப்பட்டவர்கள், என் வீட்டுக்காரர் எத்தனை காரணங்களோடு வாசலில் வந்து இறங்கியிருப்பார் என்பதைத் தாங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அவர் வாங்கிக்கொண்டு வந்தது ஒரு பழைய எலெக்ட்ரிக் கிதார். 'பழைய' என்று நான் சொன்னதற்கே ஆட்சேபணை வந்தது.

"பழசு இல்லே, விண்டேஜ்! பழசுன்னா நாளாக நாளாக மதிப்புக் குறையும். விண்டேஜ்னா வயசு ஏற ஏற மதிப்பும் ஏறும்."

"அப்படின்னா நானும் விண்டேஜ்தானே?" என்றேன்.

"அதிலே என்ன சந்தேகம்?" என்று சொல்லிவிட்டு, அவசரமாகப் பெட்டியைத் திறக்கலானார்.

உள்ளே இருந்ததை அழகில்லை என்று சொல்ல மாட்டேன். அரக்குச் சிவப்பு. ஓரங்களில் வர்ணம் மங்கி, ஊறுகாய் ஜாடியின் நிறத்துக்கு வந்திருந்தது. ஆறு தந்திகள். என் காஸ் அடுப்பில் இருப்பதைவிட அதிகமான திருகுகள். ஜப்பானில் 'டெய்ஸ்கோ' என்ற கம்பெனி 1960களில் செய்ததாம். விலை 38,000 ரூபாய்.

அந்த 38,000 எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. தீபாவளிக்கு முன்னால் வீட்டுக்கு வர்ணம் பூசுவதற்கென்று நான் மாதா மாதம் பிடித்துவைத்துப் போட்ட தபாலாபீஸ் சேமிப்பு, முந்தின வாரம்தான் முதிர்ந்து கைக்கு வந்திருந்தது. கூடத்துச் சுவரைப் பார்த்தேன். சுவரும் என்னைப் பார்த்தது.

"இந்தா, கோபப்படாமே கேளு. இது செலவு இல்லே, முதலீடு" என்று ஆரம்பித்தார். இது முதல் காரணம்.

இங்கிலாந்தில் டேவிட் கில்மோர் என்று ஒரு பிரசித்தி பெற்ற வாத்தியக்காரர் இருக்கிறாராம். அவர் வைத்திருந்த கறுப்புக் கிதார் ஒன்று 2019ஆம் வருஷம் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்து, 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போயிற்றாம். நான் மனசுக்குள் அதை ரூபாயாக மாற்றிப் பார்த்தேன், தலையைச் சுற்றியது.

"ரொம்ப சந்தோஷம். ஆனா, அதை வாசிச்சது டேவிட் கில்மோர். இதை வாசிக்கப்போறது நீங்க. விலை ஏறுமா, இறங்குமா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டாவது காரணத்துக்குப் போய்விட்டார். ஏலத்தில் வந்த பணத்தை அந்த மனிதர் தர்மத்துக்குக் கொடுத்துவிட்டார் என்ற சங்கதி எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. முதலீட்டைப் பற்றிப் பேசியபோது இவர் அதைச் சொல்லவில்லை.

இரண்டாவது காரணம், சரித்திரம். அந்தக் காலத்து அமெரிக்க நாட்டிய மேளங்களில் பித்தளை ஊதுகுழல்களுக்கு நடுவே கிதாரின் குரல் எடுபடவே இல்லையாம். கிதாரை வாசிப்பவர் வாசிப்பதுபோல் பாவனை செய்தால்கூட ஒருவருக்கும் தெரியாது! ஆகையால் தந்திகளுக்குக் கீழே காந்தத்தை வைத்து, அதைச் சேர்த்து மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றினார்கள். எஃகுத் தந்தி காந்தத்துக்கு மேலே அதிர்ந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கும். அதைப் பெருக்கிச் சத்தமாக்கினால் கிதாரின் குரல் ஊர் முழுவதும் கேட்கும். இப்படி முதன் முதலில் விற்பனைக்கு வந்த கிதார் 1932ல் வந்தது. அலுமினியத்தில் வட்டமாகச் செய்து, நீளமாக ஒரு கைப்பிடியும் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்தவர்கள் 'வாணலி' என்றே பெயர் வைத்துவிட்டார்களாம்.

"பார்த்தியா! உன் சமையற்கட்டிலிருந்து வந்ததுதான்" என்றார், மிகுந்த நம்பிக்கையோடு.

"என் வாணலிக்கு 38,000 ஆகலே" என்றேன்.

அவர் அசரவில்லை. கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் என்று ஒரு ரேடியோ ரிப்பேர்க்காரர் இருந்தார். அவர்தான் 1950ல் உள்ளே பொள்ளல் இல்லாமல் ஒரே கட்டையாகக் கிதார் செய்து விற்று, உலகத்தையே மாற்றினாராம். 1965ல் அந்தக் கம்பெனி 130 லட்சம் டாலருக்குக் கை மாறியதாம். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த லியோ ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கவே தெரியாது! இதைச் சொல்லும்போது இவர் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. அதற்கு அர்த்தம் எனக்குப் புரியாமல் இல்லை.

அப்புறம் 1964 பிப்ரவரி 9ஆம் தேதி பீட்டில்ஸ் பையன்கள் அமெரிக்க டெலிவிஷனில் தோன்றினார்கள். அன்று அதைப் பார்த்தவர்கள் சுமார் 7 கோடியே 30 லட்சம் பேர். மறு நாளிலிருந்து அந்த நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் கிதார் வேண்டும்! பணக்காரப் பிள்ளை ஃபெண்டர் வாங்கும். மற்றப் பிள்ளைகள் என்ன செய்யும்? அவர்களுக்காகத்தான் ஜப்பானில் டெய்ஸ்கோ மாதிரிக் கம்பெனிகள் மலிவு விலையில் செய்து கப்பல் கப்பலாக அனுப்பின. அன்றைக்கு மலிவுச் சரக்கு. இன்றைக்கு அதைத் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

"மலிவுச் சரக்கை இத்தனை விலை கொடுத்து வாங்கினதுக்கு இது காரணமா?" என்றேன்.

மூன்றாவது காரணம், மரம். கிதாரின் கழுத்தில், விரல் வைத்து அழுத்துகிற பலகை இருக்கிறதல்லவா? கறுப்பும் பழுப்புமாக இருக்கும். பிரேசில் தேசத்து ரோஸ்வுட் கிடைப்பது அரிதாகிப் போகவே, 1960களின் கடைசியிலிருந்து அமெரிக்காக்காரர்கள் அந்தப் பலகைக்கும் பக்கங்களுக்கும் நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி மரத்தைத்தான் பெரிதும் நாடினார்களாம். 1992ல் பிரேசில் மரத்தின் சர்வதேச வியாபாரத்தையே தடுத்துவிட்டார்கள்.

"நம்ம ஊர் ஈட்டி இல்லாமே அவங்க சங்கீதமே இல்லே, தெரியுமா?"

"என் பாட்டி வீட்டு பீரோகூட ஈட்டிதான். இடத்தை அடைக்கிறதுன்னு அதை வித்தது யாரு?"

நாலாவது காரணத்துக்கு அவர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது மூளைக்கு நல்லதாம். மூளைக்கு நல்லதென்று நான் போன மாதம் அரைத்து வைத்த வல்லாரைத் துவையலை யார் தொடாமல் வைத்தார்கள் என்பதை மட்டும் ஞாபகப்படுத்தினேன்.

ஐந்தாவதுதான் அசல் சமத்காரம். "எல்லாக் கிதாரும் சத்தம் போடும். இது ஒண்ணுதான் போடாது. மின்சாரம் கொடுக்காவிட்டால் பக்கத்து ரூமுக்குக்கூடக் கேட்காது. உனக்குத் தொந்தரவே இல்லே."

அன்று இரவு சாப்பிட்டுவிட்டு நான் படுத்துக்கொண்டேன். இவர் கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னது வாஸ்தவம்தான், சத்தமே இல்லை. ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கொசு ரீங்காரம் மாதிரி ஒன்று மெலிதாகக் கேட்டது, நின்றது, மறுபடி முதலிலிருந்து கேட்டது. தப்பும் தவறுமாக, ஒரே நாலு ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பத் தேடிக்கொண்டிருந்தார். இளையராஜாவின் பழைய பாட்டு ஒன்றின் ஆரம்பம் என்று எனக்குப் புரிவதற்குள் மணி பதினொன்றாகிவிட்டது.

மறு நாள் காப்பி கொடுக்கும்போது கேட்டேன்.

"நேத்து ராத்திரி வாசிச்சது எந்தக் காலத்துப் பாட்டு?"

"காலேஜிலே சேர்ந்த வருஷம் வந்தது" என்றார். "ஹாஸ்டலுக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கே ரேடியோவிலே இதுதான் பாடும். அந்தக் கிதார் வரும் பாரு, அந்த இடத்துக்காகவே நின்னு கேட்பேன். அப்பாவுக்கு லெட்டர் எழுதினேன், ஒரு கிதார் வாங்கிக் கொடுங்கன்னு. பதில் கார்டிலே பரீட்சை தேதி எப்போன்னு கேட்டிருந்தார். அவ்வளவுதான்."

"இதை நேத்தே சொல்லியிருக்கலாமே?"

அவர் என்னை நிஜமான ஆச்சரியத்தோடு பார்த்தார். "இதெல்லாம் ஒரு காரணமா?" என்றார்.

அந்த ஒரு வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி அப்போது போய்விட்டது. மீதிப் பாதி ஏன் போகவில்லை என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

மின்சாரம் கொடுக்காமல் எத்தனை நாள் வாசிப்பது? அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆம்பிளிபயர் என்ற பெட்டியை எடுத்துவரப் போக வேண்டியிருந்தது. கனமான பெட்டி, ஒருவராகத் தூக்க முடியாது என்று என்னையும் அழைத்துப் போனார்.

பெரம்பூரில் ரயில்வேக் குடியிருப்பின் பக்கத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு. எண்பது வயதைத் தாண்டிய ஆங்கிலோ-இந்தியத் தம்பதிகள். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளோடு போய் இருக்கப்போகிறார்கள். அதற்காக வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். பெரியவர் ஒரு காலத்தில் ரயில்வே இன்ஸ்டிட்யூட் நடனங்களில் வாசித்தவர். இப்போது விரல் மூட்டெல்லாம் வீங்கி, தந்தியை அழுத்த முடியவில்லை. அவரும் என் வீட்டுக்காரரும் ஆம்பிளிபயரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு வால்வுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அந்த அம்மாள் என்னைச் சமையற்கட்டுக்கு அழைத்துக்கொண்டு போய் டீ போட்டாள்.

"உன் புருஷன் என்ன காரணம் சொன்னாரு மா?" என்று கேட்டாள், சர்க்கரை டப்பாவைத் திறந்துகொண்டே.

ஐந்தையும் சொன்னேன். அம்மாள் சிரித்த சிரிப்பில் சர்க்கரை சிந்தியது.

"இவரு 1968லே ஹார்பருக்கு வந்த கப்பல்காரன்கிட்டே வாங்கினாரு. நான் தையல் மிஷினுக்குச் சேர்த்து வெச்ச பணம். கல்யாண வீட்டிலே வாசிச்சுச் சம்பாதிச்சுடுவேன்னாரு. ரெண்டு வருஷம் கழிச்சுச் சம்பாதிச்சாரு, பொய் சொல்லக்கூடாது. மிஷினும் வந்தது. ஆனா அந்த ரெண்டு வருஷம் குழந்தைங்க கவுனை நான் கையாலேதானே தெச்சேன்?" என்றாள். சற்று நேரம் கழித்து, "விக்கிறப்போகூட என்னைக் கேக்கலே மா. கேட்டிருந்தா, வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள்.

டீயை என் கையில் கொடுத்துவிட்டு, "நீ என்ன வாசிப்பே?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்லே" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வீணை" என்று வந்துவிட்டது.

எங்கள் வீட்டுப் பரணில், பழைய போர்வை சுற்றி, ஒரு வீணை இருபத்து நாலு வருஷமாக இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் என் அப்பா தஞ்சாவூருக்குப் போய் வாங்கிக் கொடுத்தது. பலாமரம், யாளி முகம், குடத்தில் சின்னதாகத் தாமரைப் பூ. கிதாரின் மெட்டுகளை மரத்திலேயே அடித்துப் பொருத்திவிடுகிறார்கள். வீணைக்கு அப்படி இல்லை. அதன் இருபத்து நாலு மெட்டுகளும் கறுப்பு மெழுகின்மேல்தான் நிற்கின்றன. தேன்மெழுகில் கரித்தூளைக் கலந்து இழைத்த மெழுகு; வெயில் பட்டால் இளகும், வயதானால் வெடிக்கும். மெட்டு ஒரு மயிரிழை சாய்ந்தாலும் ஸ்வரம் சாய்ந்துவிடும். ஆகையால் அவ்வப்போது பழைய மெழுகை எடுத்துவிட்டு, ஒவ்வொரு மெட்டாகக் காதால் கேட்டுக் கேட்டு வைத்து, மறுபடி மேளம் கட்ட வேண்டும்.

என் பெண் பிறந்த வருஷம் மேளம் குலைந்தது. அதைக் கட்டிக்கொள்ள மூன்று தடவை கேட்டேன். ஒரு தடவையும் அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லுகிற மனிதரும் அல்ல. மூன்று தடவையும், "இப்போ அவசரமா?" என்று மட்டும் கேட்டார். முதல் தடவை பெண்ணுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்ட வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை மாமியாருக்குக் கண் ஆபரேஷன். மூன்றாம் தடவை என்ன இருந்தது என்பதுகூட இப்போது ஞாபகம் இல்லை. அவசரமா என்று கேட்டால் வீணை என்றைக்குத்தான் அவசரம்? கிதார் மட்டும் அவசரமா? அந்தக் கேள்வியை அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவில்லை. அதுதான் என் மீதிப் பாதிக் கோபம்.

ஆம்பிளிபயர் வீட்டுக்கு வந்தது. கிதாரை மாட்டினார். வால்வு சூடேற அரை நிமிஷம் ஆயிற்று. அப்புறம் கிதார் பாடுவதற்கு முன்னால் 'ஙொய்' என்று ஓர் இரைச்சல் வந்தது. நான் அடுக்களையில் மிக்ஸியைப் போட்டேன். இரைச்சல் இரண்டு மடங்காயிற்று.

"கொஞ்சம் மிக்ஸியை நிறுத்தேன்! காந்தச் சுருள் அதையும் சேர்த்துப் பிடிக்கிறது!" என்று கத்தினார்.

"சட்டினி வேண்டாமா?"

சட்டினி வேண்டியிருந்தது. ஆகையால் அரைத்து முடிகிற வரைக்கும் சங்கீதம் காத்திருந்தது. அந்த நேரத்தில் இன்னொரு சரித்திரம் சொன்னார். இதே தொல்லையைத் தீர்க்க, 1955ல் கிப்ஸன் கம்பெனியில் சேத் லவர் என்ற எஞ்சினீயர் ஒரு யுக்தி செய்தாராம். ஒரு சுருளுக்குப் பதில் இரண்டு. ஒன்றுக்கு ஒன்று எதிரும் புதிருமாக. வெளியிலிருந்து வருகிற இரைச்சல் இரண்டிலும் எதிர் எதிராக விழுந்து அடிபட்டுப் போய்விடும். தந்தியின் நாதம் மட்டும் இரண்டிலும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும்.

"நம்ம கிதாரிலே ஒரு சுருள்தான். அதுதான் குறை" என்றார் வருத்தத்தோடு.

"வீட்டிலேயும் இத்தனை நாளா ஒரு சுருள்தான்" என்று சொல்லிவிட்டு, நான் ஏணியைக் கொண்டுவந்து பரணுக்குக் கீழே சாத்தினேன்.

"எதுக்கு ஏணி?"

"வீணையை எடுக்க. நாளைக்கு மயிலாப்பூருக்குக் கொண்டுபோய் மேளம் கட்டக் கொடுக்கப்போறேன். தந்தியும் புதுசு. 9,000 ரூபா ஆகும்னு போனிலே சொன்னாங்க. முன்பணம் அனுப்பியாச்சு."

அவர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"இது செலவு இல்லே, முதலீடு. சரித்திரம் வேணும்னா, தஞ்சாவூர் வீணைக்கு 2013லே புவிசார் குறியீடே கொடுத்திருக்காங்க. மரம், நம்ம ஊர்ப் பலா. மூளைக்கும் நல்லது. அதோட, இதுக்கு மின்சாரம் வேண்டாம், மிக்ஸியை நிறுத்த வேண்டாம். ஐந்து ஆச்சா?"

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "மேளம் குலைஞ்சுபோச்சுன்னு நீ சொல்லவே இல்லையே?" என்றார்.

"மூணு தடவை சொன்னேன்."

கிதாரைச் சோபாவின்மேல் வைத்துவிட்டு எழுந்து வந்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அவர் மேலே ஏறி, போர்வையோடு வீணையை இரண்டு கைகளாலும் ஏந்தி, குழந்தையை இறக்குவதுபோல் இறக்கினார். தூசியைத் தட்டினார். சாய்ந்து கிடந்த மெட்டு ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்தார். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அவசரமான்னு கேட்டேன், இல்லே?" என்றார். நான் பதில் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. மறு நாள் மயிலாப்பூருக்கு ஆட்டோவில் வீணையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் அவர்தான்.

பத்து நாளில் வீணை திரும்பி வந்தது. நான் சுருதி கூட்டுவது மூன்று கட்டை. கிதாரின் தடித்த தந்தியும் சரியாக மூன்று கட்டையாம். இவர் கண்டுபிடித்து வந்து சொன்னார். என் விரல் நுனிகள் சிவந்து எரிகின்றன, அவருடையவையும் அப்படித்தான். இரண்டு பேரும் ராத்திரி தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை நடுவில் வைத்துக்கொண்டு உட்காருகிறோம். சரளி வரிசையில் நான் முன்னே போய்விட்டேன் என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். கூடத்துச் சுவருக்கு இந்தத் தீபாவளிக்கு வர்ணம் இல்லை. வருகிறவர்கள் சுவரைப் பார்த்தால் பார்க்கட்டும்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதாவது இருக்கலாம். அதை இறக்குவதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தால், என்னிடம் ஐந்து இருக்கின்றன, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் என் வீட்டுக்காரர் சொன்னவை, நன்றாக உழைக்கின்றன.

நேற்றுச் சாயந்திரம் அவர் மெதுவாக, "மடியிலே வெச்சு வாசிக்கிற ஹவாயன் கிதார்னு ஒண்ணு இருக்கு. ரொம்பப் பழசு, சல்லிசா வருது..." என்று ஆரம்பித்தார்.

"பேஷா வாங்குங்க. எனக்கும் ஒரு தம்புரா வேண்டியிருக்கு" என்றேன்.

அதற்குப் பிறகு ஹவாயன் கிதாரைப் பற்றிப் பேச்சே இல்லை.